வாதுமை மலரும் வாடகைத் தேனீயும்

பண்டத்தை விலைக்கு விற்பதும், வீட்டை வாடகைக்கு விடுவதும், நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதும் மனித சமூகத்தில் நெடுங்காலமாக நிலவி வரும் வழக்கங்கள். ஆனால், ஒரு பூச்சியினத்தின் உழைப்பைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு அமர்த்தி, அதற்காக இரண்டாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்தும் அதனை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரும் வழக்கம் அண்மைக் காலத்திலேதான் முழு வளர்ச்சி பெற்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தின் நடுவே, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 450 மைல் நீளமுள்ள ஒரு பெருஞ்சமவெளி இருக்கிறது. அங்கே இன்று சுமார் 13 லட்சம் ஏக்கர் பரப்பில் வாதுமை மரங்கள் காய்க்கின்றன. நாம் பாதாம் என்று வழங்கும் வாதுமைப் பருப்பில் உலக விளைச்சலின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அச்சமவெளியில்தான் விளைகிறது. வெளிநாடுகளுள் அதனை மிகுதியாக வாங்கும் நாடு நம் இந்தியாவே. பண்டிகை நாளில் நம் இல்லங்களில் அரைபடும் பாதாம் பருப்பின் பின்னணியில், ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் அச்சமவெளிக்கு வந்து சேரும் ஏறக்குறைய 20 லட்சம் தேனீக் கூட்டங்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது.

இத்தனை தேனீக்கள் ஏன் வேண்டும்? இதற்கு விடை அந்த மலரின் இயல்பிலேயே உள்ளது. வாதுமை பிற கனி மரங்களுக்கு முந்திப் பூக்கும் மரம். இலை தளிர்ப்பதற்கு முன்பே, குளிர் முற்றும் நீங்காத பிப்ரவரியில், கிளையெங்கும் வெண்மையும் இளஞ்சிவப்புமாக மலர்கள் விரிகின்றன. அதன் மகரந்தம் காற்றில் பறந்து செல்லக்கூடியதன்று, ஒட்டும் தன்மையுடையது. ஆகவே, அதைச் சுமந்து செல்ல ஒரு பூச்சி தேவை. அந்தப் பூச்சியும் ஒரே வகை வாதுமையின் மலர்களில் சுற்றி வந்தால் போதாது. பெரும்பாலான வாதுமை வகைகள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. சூல்முடியில் அம்மகரந்தம் விழுந்து முளைத்தாலும், அதன் குழல் சூலகத் தண்டின் நடுவழியிலேயே தடைப்பட்டு நின்றுவிடுகிறது. வேற்று வகை மரத்தின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். ஆப்பிள் மரத்தில் நூறு மலர்களுள் சில காய்த்தாலே போதும்; காய் மிகுந்தால் உழவர் சிலவற்றைக் கிள்ளியும் எறிவர். வாதுமையிலோ நாம் உண்பது விதையை. அதனால் மலருக்கு ஒரு பருப்பு என்று கணக்கிட்டு, இயன்ற அளவு எல்லா மலர்களும் காயாவதையே உழவர் விரும்புகின்றனர். மலர் விரிந்து சில நாட்களுக்குள் அவ்வேலை முடிந்துவிட வேண்டும். தேனீயோ, வெப்பம் 13 டிகிரி சென்டிகிரேடை எட்டாத வரையில் கூட்டை விட்டு வெளியே வருவது அரிது. மழையும் குளிரும் மாறி மாறி வரும் அப்பருவத்தில் தேனீ பறக்கத்தக்க நேரம் சில மணிகளே கிடைக்கும். அந்தச் சில மணிகளில்தான் ஓராண்டின் விளைச்சல் முடிவாகிறது.

இவ்வுண்மையை மனிதன் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. ஜெர்மனியில் ஸ்பாண்டாவ் நகரப் பள்ளித் தலைவராக இருந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் என்பவர், மலரின் நிறமும் மணமும் தேனும் பூச்சிகளை அழைப்பதற்காகவே அமைந்தவை என்பதை 1793-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அக்காலத்து அறிஞர் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே அவர் தம் பள்ளிப் பதவியையும் இழந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் சார்லஸ் டார்வின் அந்நூலைப் படித்து அதன் அருமையை உணர்ந்தார். தாமே பல்லாண்டுகள் சோதனைகள் செய்து, அயல் மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் நன்மைகளை 1876-ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தார். ஆயினும், அறிஞரின் நூலில் உள்ள உண்மை தோட்டக்காரனின் வரப்புக்கு வந்து சேர இன்னும் சில காலம் பிடித்தது.

அதற்கிடையில் வாதுமை கலிபோர்னியாவை அடைந்தது. அதன் தாயகம் மேற்கு ஆசியாவும் நடு ஆசியாவும் ஆகும். அங்கிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் பரவி, ஸ்பெயின் நாட்டுப் பாதிரிமார் வழியாகக் கலிபோர்னியாவின் கடலோர மடங்களுக்குச் சென்றது. கடலோர ஈரமும் மூடுபனியும் அதற்கு ஒத்துவரவில்லை. பிற்காலத்தில் உள்நாட்டின் வறண்ட வெப்பத்திலேதான் அது செழித்தது. சுய்சன் என்னும் ஊரில் ஏ. டி. ஹாட்ச் என்பவர், விதையிலிருந்து முளைத்த கன்றுகளிலிருந்து 1879-ஆம் ஆண்டளவில் சில சிறந்த வகைகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றுள் ஒன்று நான்பரேல். ஒப்பற்றது என்பது அப்பெயரின் பொருள். மெல்லிய ஓடும் அழகிய பருப்பும் கொண்ட அவ்வகையே இன்றளவும் கலிபோர்னியாவில் முதலிடம் வகிக்கிறது. ஐ எக்ஸ் எல் என்பது அவர் தேர்ந்த மற்றொரு வகை. ஒட்டுக் கட்டிப் பெருக்கிய இவ்வகை மரங்கள் ஆயிரக்கணக்கில் நடப்பட்டன.

மரங்கள் ஓங்கி வளர்ந்தன, மலர்களும் குலுங்கின. ஆனால், காய் மட்டும் பல தோட்டங்களில் ஏமாற்றமே அளித்தது. உறைபனியின் மேல் சிலர் பழி போட்டனர். மண்ணின் மேல் சிலர் குறை கூறினர். இதே புதிர் வேறொரு கனியில் முன்னரே அவிழ்க்கப்பட்டிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மெர்டன் வெயிட் என்பவர், வர்ஜீனியா மாநிலத்தில் பார்ட்லெட் என்ற ஒரே வகைப் பேரிக்காய் மரங்கள் நிறைந்த பெருந்தோட்டம் ஏன் காய்க்கவில்லை என்பதை 1890-களில் ஆராய்ந்தார். வேற்று வகை மகரந்தமும், அதைக் கொண்டுசெல்லும் பூச்சிகளும் இல்லாமையே காரணம் என்று அவர் நிறுவினார். வாதுமையைப் பற்றிய தெளிவு 1919-இல் வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டபிள்யூ. பி. டஃப்ட்ஸ் என்பவர் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வில், சோதித்த வாதுமை வகைகள் தம்மால் தாமே காய்க்க இயலாதவை என்று காட்டினார். அதனினும் வியப்பான செய்தி ஒன்றையும் அவர் கண்டார். நான்பரேலும் ஐ எக்ஸ் எல்லும் ஒன்றையொன்று கருவுறச் செய்ய இயலாதவை! இரண்டு வகைகளைக் கலந்து நட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்த உழவருக்கு, அவ்விரண்டும் மகரந்தக் கணக்கில் ஒன்றே என்பது தெரியவந்தது. மகரந்தத்தை ஏற்பதும் மறுப்பதும் சில மரபுக் கூறுகளைப் பொறுத்தவை. அக்கூறுகள் இவ்விரு வகைகளிலும் ஒன்றாகவே அமைந்துள்ளன என்பதைப் பிற்கால மரபியல் விளக்கியது. அதன்பின், ஒத்துப் போகும் வகைகளை வரிசை மாற்றி வரிசையாக நடுவதும், தோட்டத்தில் தேனீப் பெட்டிகளை வைப்பதும் உழவர் ஏற்கத்தக்க முறைகளாயின.

இனித் தேனீயின் வரலாற்றைக் காண்போம். இவ்வேலைக்கு அமர்த்தப்படும் மேலைத் தேனீ அமெரிக்க மண்ணுக்கு உரியதன்று. ஐரோப்பியக் குடியேறிகள் 1622-ஆம் ஆண்டில் அதனைக் கப்பலில் வர்ஜீனியாவுக்குக் கொண்டு சென்றனர். மேற்குக் கரையை அது அடைவதற்கு மேலும் இரு நூற்றாண்டுகள் கடந்தன. 1853-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் ஷெல்டன் என்பவர் பனாமா வழியாக 12 தேன்கூடுகளைக் கொண்டுவந்தார். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் அவை இறங்கியபோது எஞ்சியிருந்தவை ஒரே ஒரு கூட்டம் அளவுக்கு உரிய தேனீக்கள்தாம். அதே ஆண்டில் நீராவிப் படகு ஒன்று வெடித்த விபத்தில் ஷெல்டன் மாண்டார். அவருடைய தேனீக்களோ பெருகின. 1857-இல் ஜான் ஹார்பிசன் என்பவர் பென்சில்வேனியாவிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட கூட்டங்களை உயிருடன் கொண்டுவந்து, அம்மாநிலத்தில் தேனீ வளர்ப்பை ஒரு தொழிலாகவே நிலைநாட்டினார்.

இத்தகைய நெடும்பயணத்துக்கு உறுதுணையாக அமைந்தது ஒரு சிறிய கண்டுபிடிப்பு. பிலடெல்பியா நகரில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், தேனீக்கள் தம் கூட்டினுள் நடமாடுவதற்காக ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடைவெளியை விட்டுவைக்கின்றன என்பதையும், அந்த இடைவெளியில் அவை அடை கட்டுவதில்லை என்பதையும் 1851-இல் தெளிந்தார். அவ்வளவே இடம் விட்டுச் சட்டங்களைப் பெட்டிக்குள் தொங்கவிட்டால், அடையைச் சிதைக்காமல் ஒவ்வொரு சட்டமாக வெளியே எடுக்கலாம், திரும்பவும் வைக்கலாம். அதுவரை மரப்பொந்திலும் வைக்கோற் கூடையிலும் குடியிருந்த தேனீ, அதன் பிறகு ஒரே அளவான பெட்டியில் அடுக்கி ஏற்றத்தக்க சரக்காக மாறியது. யூட்டா மாநிலத்தின் நெஃபை மில்லர் 1907-ஆம் ஆண்டளவில் தம் பெட்டிகளைக் குளிர்காலத்தில் ரயில் வண்டியில் கலிபோர்னியாவுக்கு அனுப்பத் தொடங்கினார். தேனீக்களைக் குளிரிலிருந்து காப்பதும், அங்கே பூக்களிலிருந்து தேன் எடுப்பதுமே அவர் நோக்கம். பூவைத் தேடித் தேனீயைக் கொண்டுசெல்லும் தொழில் இவ்வாறு வேரூன்றியது.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் தேனீயைக் கனிகளுக்குப் பகையெனக் கருதியவர் பலர். பழுத்த கனியைத் தேனீ கடித்துக் கெடுக்கிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. ஆர்க்கன்சா மாநிலத்தின் ஆர்க்கடெல்பியா என்ற ஊர், ஊர் எல்லைக்குள் தேனீ வளர்ப்பதையே தொல்லை என்று அறிவித்து விதி வகுத்தது. தேனீ வளர்ப்பு இயல்பாகவே தொல்லையாகாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 1889-இல் தீர்ப்பளித்து அவ்விதியைச் செல்லாததாக்கியது. விரட்ட வேண்டிய பூச்சி என்று ஒரு தலைமுறை எண்ணியதைப் பின்வந்த தலைமுறைகள் பணம் கொடுத்து அழைத்தன.

தொடக்கத்தில் இந்தத் தேவை சிறிதாகவே இருந்தது. தோட்டங்கள் சிறியவை. அவற்றைச் சுற்றிலும் புல்வெளியும் ஓடைக் கரையும் புதர்களும் இருந்தன. கலிபோர்னியாவில் மட்டும் ஏறத்தாழ 1,600 வகைக் காட்டுத் தேனீக்கள் உண்டு. அவற்றுள் பல தனித்து வாழ்பவை. மண்ணிலும் உளுத்த மரத்திலும் கூடு அமைப்பவை. அவை கூலியின்றி வந்து மலர்களை நாடின. இயற்கை அறிஞர் ஜான் மியூர் 1868-ஆம் ஆண்டின் வசந்தத்தில் அச்சமவெளியைக் கடந்தபோது, தாம் கண்ட இடமெல்லாம் மலர்ப் படுக்கையாக விளங்கியதென்றும், அது தேனீக்களின் மேய்ச்சல் நிலமென்றும் எழுதினார். அம்மலர்வெளியை முதலில் கால்நடைகள் மேய்ந்தன. பின்னர்க் கோதுமைக் கலப்பை உழுதது. அதன் பின் பழத்தோட்டங்கள் வந்தன. 1960-களின் இறுதியில் பெரிய கால்வாய்கள் சமவெளியின் தென்மேற்குப் பகுதிக்கு நீர் கொண்டுவந்தன. வறண்டு கிடந்த நிலங்களில் வாதுமை பரவிற்று. 2000-ஆம் ஆண்டில் சுமார் 5 லட்சம் ஏக்கரில் காய்த்த மரங்கள், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதன் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகின.

இவ்விரிவு ஒரு முரண்பாட்டைத் தன்னுள் கொண்டிருந்தது. பல மைல்களுக்கு ஒரே மரம். மூன்று வாரங்களுக்கு எங்கும் மலர். அதன் பின் ஆண்டு முழுவதும் ஒரு பூவும் இல்லை. அறுவடையின்போது காயைத் தரையில் உதிர்த்து இயந்திரத்தால் வாருவதால், மரங்களுக்கிடையே புல் பூண்டின்றி நிலம் பெருக்கி வைக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் உணவு தேடும் காட்டுத் தேனீ அத்தகைய இடத்தில் எவ்வாறு வாழும்? மலர்கள் பெருகப் பெருக, அம்மலர்களுக்கு இலவசமாக உழைத்த பூச்சிகள் குறைந்தன. ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்னும் வழக்கப்படி, வெளியிலிருந்து தேனீயை வரவழைப்பது தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. 1990-களில் ஒரு பெட்டிக்கு ஐம்பது டாலரை எட்டாதிருந்த வாடகை, 2006-ஆம் ஆண்டளவில் நூறு டாலரை வெகுவாகத் தாண்டியது; பிற்காலத்தில் இருநூறு டாலர் வரையிலும் உயர்ந்தது. வாதுமை மலரின் தேன் கசப்புடையது. ஆதலால் அதை எடுத்து விற்பாரில்லை. ஆயினும், வணிகத் தேனீ வளர்ப்போர் பலருக்குத் தேனை விற்பதினும் தேனீயை வாடகைக்கு விடுவதே பெரிய வருவாயாகிவிட்டது.

இதனால் இரு சாராருக்கும் நன்மை விளைந்தது உண்மை. உழவருக்குப் பருப்பு, தேனீ வளர்ப்போருக்கு வாடகை, தேனீக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே மிகுந்த மகரந்த உணவு. எனினும், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. இயற்கை முறைப்படி தேனீக் கூட்டம் குளிர்காலத்தில் சுருங்கி, வசந்தம் முதிர்ந்த பின்னரே பெருகும். பிப்ரவரி மாதத்திலேயே வலிமையான கூட்டம் வேண்டும் என்பதற்காக, முந்திய இலையுதிர் காலத்திலிருந்து சர்க்கரைப் பாகும் மகரந்தத்துக்கு ஈடான உணவும் ஊட்டி அதனை வளர்க்கின்றனர். மேலும், புளோரிடா முதல் வட டகோட்டா வரையில் நாடெங்கும் உள்ள தேனீக்கள் ஒரே சமயத்தில் ஒரே சமவெளியில் கூடுகின்றன. ஒரு மூலையில் தோன்றிய நோய் அங்கே வந்து, திரும்பும் லாரிகளில் ஏறி, மற்றெல்லா மூலைகளுக்கும் போய்விடுவதற்கு அக்கூட்டம் இடமளிக்கிறது.

அவ்வாறு பரவிய பகைகளுள் தலையாயது வர்ரோவா என்னும் உண்ணி. இதன் வரலாறு நம் கீழை நாடுகளோடு தொடர்புடையது. 1904-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில், ஆசியத் தேனீயின் உடலில் இவ்வின உண்ணி முதன்முதலாகக் கண்டறிந்து விவரிக்கப்பட்டது. நம் ஊர்களில் அடுக்குத் தேனீ என வழங்கப்படுவது அந்த ஆசியத் தேனீயே. அதற்கும் உண்ணிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. உண்ணி பெரும்பாலும் ஆண் ஈக்களின் புழு அறைகளில் மட்டுமே அங்கே பெருகுகிறது. வேலைக்காரத் தேனீக்களும் ஒன்றின் உடலை மற்றொன்று துடைத்து உண்ணியை அகற்றுகின்றன. ஆகவே, நோய் இருந்தும் கூட்டம் அழிவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் மேலைத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து வளர்த்தபோது, உண்ணி அதன்மேல் தாவிற்று. அத்தேனீக்கு இப்பகையோடு பழக்கமில்லை. வேலைக்காரத் தேனீக்களின் புழு அறைகளிலும் உண்ணி பெருகி, சிறகு சிதைக்கும் நச்சுக் கிருமிகளையும் பரப்பியது. உலகெங்கும் பரவி அழிவு செய்தது ஜாவாவில் கண்ட உண்ணியன்று, அதன் நெருங்கிய உறவான வேறோர் இனம் என்று 2000-ஆம் ஆண்டில் அறிஞர்கள் பிரித்துணர்ந்து, அதற்கு அழிப்பது எனப் பொருள்படும் பெயரையும் இட்டனர்.

மூச்சுக் குழலைத் தாக்கும் வேறோர் உண்ணி 1984-இலும், வர்ரோவா 1987-இலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றின. 1947-இல் அந்நாட்டில் சுமார் 59 லட்சம் தேனீக் கூட்டங்கள் இருந்தன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொகை அதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தேனீக்கள் குறைய, வாதுமை மட்டும் பெருகிக்கொண்டே சென்றது. நோய்க்கு அஞ்சி 1922-ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டுத் தேனீக்களுக்கு அடைத்திருந்த கதவை, 2005-ஆம் ஆண்டு மலர்ப் பருவத்துக்காக அரசு சிறிது திறந்து, ஆஸ்திரேலியத் தேனீக்களை விமானத்தில் வர விட்டது. மறு ஆண்டான 2006-இன் இறுதியில் புதிய துயரம் ஒன்று வெளிப்பட்டது. பெட்டிகளில் இராணி ஈ இருந்தது, புழுக்கள் இருந்தன, தேனும் இருந்தது, வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணவில்லை. உண்ணி, கிருமிகள், பூச்சிமருந்து, ஊட்டக் குறைவு, பயணக் களைப்பு எனப் பலவும் கூடி விளைத்த கேடு அது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. 2014-ஆம் ஆண்டின் பூக்காலத்தில் பூஞ்சாண மருந்தோடு பூச்சிமருந்தையும் கலந்து தெளித்ததால் பெருந்தொகையான கூட்டங்கள் சேதமுற்றன. அதன் பின்னர், மலர்ப் பருவத்தில் பூச்சிமருந்தைத் தவிர்க்குமாறு வாதுமை வளர்ப்போருக்கு அறிவுரைகள் வகுக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டுக் கோடைக்கும் 2025-ஆம் ஆண்டு மலர்ப் பருவத்துக்கும் இடையே, வணிகத் தேனீ வளர்ப்போர் தம் கூட்டங்களில் சராசரியாகப் பாதிக்கு மேல் இழந்தனர். இறந்த கூட்டங்களை ஆய்ந்தபோது கொடிய கிருமிகளும், வழக்கமான மருந்துக்கு மசியாத உண்ணிகளும் அவற்றில் காணப்பட்டன.

இந்நிலைக்கு மாற்றுத் தேடும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. குளிரிலும் பறக்கவல்ல நீல நிறத் தோட்டத் தேனீயை வாதுமைக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சி 1970-களிலேயே யூட்டா மாநிலத்தின் லோகன் நகர ஆய்வுக்கூடத்தில் மேற்கொள்ளப்பட்டது. தென் இத்தாலியின் டுவோனோ போன்ற பழைய வகைகளுக்குத் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் திறன் உண்டு. அத்தகைய இயல்புடைய புது வகைகள் கலிபோர்னியாவிலும் நடப்படுகின்றன. அவற்றுக்குத் தேனீப் பெட்டிகள் குறைவாகவே போதும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது. காட்டுத் தேனீக்களும் உடனிருக்கும் தோட்டத்தில், வளர்ப்புத் தேனீ ஒரே வரிசையில் அடங்கியிராமல் வரிசை விட்டு வரிசை தாவுகிறது. வேற்று வகை மகரந்தம் அதனால் மிகுதியாகப் பரவி, காயும் மிகுதியாகப் பிடிக்கிறது. ஆகவே தோட்ட ஓரங்களில் மலர்ச் செடிகளையும் புதர்களையும் மீண்டும் வளர்க்கின்றனர். உழுது அகற்றிய பூக்களை, செலவு செய்து திரும்ப நடுகிறார்கள் என்றே சொல்லலாம்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. சீநகரில் ஹரி பர்வதத்தின் அடிவாரத்திலுள்ள பாதாம்வாரித் தோட்டத்தில் வாதுமை பூப்பதைக் காஷ்மீர மக்கள் வசந்தத்தின் வரவாகக் கொண்டாடுகின்றனர். மேலைத் தேனீ 1960-களின் தொடக்கத்தில் இமயமலை அடிவாரத்து நக்ரோட்டா பக்வான் என்னும் ஊரில் நம் நாட்டில் நிலைபெற்றது. அதன் பெட்டிகள் இன்று இராஜஸ்தானத்துக் கடுகு வயலுக்கும், பீகாரின் லிச்சித் தோப்புக்கும், இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டத்துக்கும் பருவந்தோறும் பயணம் செய்கின்றன, வாடகைக்கும் விடப்படுகின்றன. இது நல்ல தொழிலே. எனினும், மலைத் தேனீ, கொம்புத் தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத் தேனீ என நம் மண்ணுக்கே உரிய உழைப்பாளிகள் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. கலிபோர்னியாவின் உழவர் முதலில் மலரின் தேவையை அறியாமல் விளைச்சலை இழந்தனர். அறிந்த பின், ஒரே ஓர் இனத்தின் முதுகில் முழுச் சுமையையும் ஏற்றினர். நம் உழவர் அவ்விரண்டு நிலைகளையும் கடந்து செல்லலாம். வரப்பின் ஓரத்தில் பூக்கும் செடிகளை விட்டுவைப்பதும், பொந்துள்ள பழைய மரங்களை வெட்டாதிருப்பதும், பூக்கும் வேளையில் மருந்து தெளிக்காதிருப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அவற்றைச் செய்துவந்தால், நம் தோட்டங்களில் தேனீ தானாகவே வரும்.